வாளும் வரிக் கணக்கும்

“இஸ்லாம் வாளால் பரவிய மதம்.” இந்த நான்கு சொற்களைச் சொல்லாத பிரசங்கி நம்மவருள் அருமை. திருவிழா மேடையாயினும், வாசகசாலைத் திண்ணையாயினும், கோப்பிக் கடை மேசையாயினும் சரி, பேச்சு முஸ்லிம்களின் பக்கம் திரும்பியதும் ஒருவர் இதனை எடுத்து வீசுவார், சுற்றியிருப்போர் தலையசைப்பர், அத்துடன் ஆராய்ச்சி முடிந்தது! எந்த ஆண்டில், எந்த ஊரில், யார் கழுத்தில், யார் வாளை வைத்தார் என்று கேட்பாரில்லை. ஆங்கிலப் பள்ளியில் படித்தவருக்கோ இது இரட்டிப்பு உறுதி. ஒரு கையில் வாளும் மறு கையில் வேதமுமாகக் குதிரைமேல் பாய்ந்து வரும் அரபியின் சித்திரம் மேல்நாட்டார் நூல்களில் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருப்பது. மேல்நாட்டான் எழுதியதைத் தமிழில் பெயர்த்துச் சொல்லிவிட்டால் அது சொந்த அறிவாகிவிடும் என்பது நம்முள் படித்த வகுப்பாரின் நெடுநாளைய நம்பிக்கை.

எதிர்மேடையில் நிற்பவரும் இளைத்தவரல்லர். வாள் என்ற பேச்சே கிடையாது, சிரியாவும் எகிப்தும் பாரசீகமும் அன்பு வெள்ளத்தில் தாமாகவே கரைந்தன, கலிமாவை மொழிந்த அக்கணமே ஆண்டானும் அடிமையும் ஒன்றாயினர் என்று பூமாலை சூட்டுவோர் இவர். முன்னவர் பகையினால் சரித்திரத்தைத் திரிக்கிறார்; பின்னவர் பரிவினால் திரிக்கிறார். இருவர்க்கும் பிழை ஒன்றே. ஒரு நாட்டைப் பிடிப்பது வேறு, அந்நாட்டாரின் நம்பிக்கையை மாற்றுவது வேறு என்னும் எளிய உண்மையை இருவருமே மறந்துவிடுகின்றனர். நாடு ஒரே மாதத்தில் கைமாறலாம். மனம் மாற மூன்று தலைமுறை ஆகலாம். அந்த இடைக்காலத்தில் நடந்தது என்ன என்பதே கேள்வி.

முதலில் தொடக்கத்தைப் பார்ப்போம். நபிகள் நாயகம் முகம்மது கி.பி. 570-ஐ ஒட்டி மக்காவில் குறைஷி குலத்தில் பிறந்தார். தந்தையின் முகத்தைக் கண்டவரல்லர். தாயை ஆறு வயதில் இழந்தார். பாட்டனாரும் பின்னர்ப் பெரிய தந்தை அபூதாலிபும் வளர்த்தனர். வாணிகத்தில் நாணயம் உடையவர் எனப் பேரெடுத்து, கதீஜா என்னும் செல்வப் பெண்மணியின் சரக்கோடு சென்று திரும்பி, அவரையே மணந்தார். நாற்பதாம் வயதில், 610-இல், ஹிரா என்னும் மலைக் குகையில் இறைவாக்கு வரப்பெற்றார் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை.

அவர் சொன்னது என்ன? இறைவன் ஒருவன், அவனுக்கு இணையில்லை, உருவில்லை, பெற்றவனில்லை, பிள்ளையில்லை. இப்ராஹீம், மூஸா, ஈசா முதலாக வந்த நபிமார் யாவரும் இதையே சொன்னார்கள்; தாம் சொல்வது புதுமையன்று, பழைய உண்மையின் கடைசி நினைவூட்டல். மனிதன் இறந்தபின் எழுப்பப்படுவான். செய்ததற்குக் கணக்குக் கேட்கப்படும். அங்கே குலம் சாட்சி சொல்லாது, செல்வம் ஜாமீன் நிற்காது. கலிமா, ஐவேளைத் தொழுகை, ரமலான் நோன்பு, சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு ஏழைக்குப் போகும் ஜக்காத்து, இயன்றவர்க்கு வாழ்நாளில் ஒருமுறை ஹஜ் என்னும் ஐந்து கடமைகளைக் குழந்தையும் சொல்லும். ஆனால் மக்காவின் பெரிய மனிதரைக் கொதிக்க வைத்தது தொழுகையா, நோன்பா? அன்று. கஃபாவைச் சுற்றியிருந்த விக்கிரகங்கள் வெறும் கல் என்ற சொல் முதலாவது. அவ்விக்கிரகங்களை நாடி வந்த யாத்திரிகரும் சந்தையும் குறைஷியரின் வருமானம். அனாதையின் சொத்தை உண்பவனும் எடையில் குறைப்பவனும் நெருப்புக்கு உரியவர் என்றது இரண்டாவது. பெண் சிசுவை உயிரோடு புதைப்பதைக் கொலை என்றது மூன்றாவது. பெண்ணுக்குச் சொத்தில் பங்கு என்பது பின்னர் மதீனாவில் வந்தது. மகனுக்குரியதில் பாதியே என்றாலும், பங்கே இல்லாதிருந்த இடத்தில் அது சட்டமாயிற்று. கடவுளைப் பற்றிய வாதத்தைப் பணக்காரன் பொறுப்பான். கல்லாப்பெட்டியைப் பற்றிய வாதத்தைப் பொறுக்கமாட்டான். இது அரபு நாட்டுக்கு மட்டும் உரிய குணமன்று.

இனி வாளுக்கு வருவோம். 610 முதல் 622 வரை அந்த வாள் யாருடைய கையில் இருந்தது? பிலால் என்னும் அபிசீனிய அடிமையைக் கொதிமணலில் கிடத்தி மார்பில் பாறையேற்றியவர் முஸ்லிம்களா? சுமையா என்னும் எளிய பெண்ணைக் கொன்றவர் முஸ்லிம்களா? 615-ஐ ஒட்டி ஒரு கூட்டத்தார் கடல் கடந்து அபிசீனியாவுக்கு ஓடி, நஜ்ஜாஷி என்னும் கிறிஸ்தவ மன்னனிடம் அடைக்கலம் புகுந்தது வாளைத் தூக்கிக்கொண்டா? ஹாஷிம் கிளையார்மீது பெண் கொடுக்கல் வாங்கல், சரக்குக் கொடுக்கல் வாங்கல் இரண்டையும் நிறுத்திப் பகிஷ்காரம் செய்து பட்டினி போட்டவர் யார்? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அடி வாங்கியபடியேதான் இம்மதம் ஆள் சேர்த்தது. தாமஸ் கார்லைல் 1840-இல் லண்டனில் செய்த சொற்பொழிவில் இந்த வாள் வாதத்தைத் தொட்டு, வாளென்றால் அதை ஏந்துவதற்கு முதலில் ஆள் வேண்டுமே, அந்த ஆள் எங்கிருந்து வந்தான் என்னும் கருத்தில் வினவினார். மேல்நாட்டாரை ஒப்பிப்பவர்கள் அவர்களுள் ஒருவர் கேட்ட இக்கேள்வியை மட்டும் ஒப்பிக்காதது ஏனோ!

622-இல் நபிகள் மதீனாவுக்குக் குடிபெயர்ந்தார். அந்த ஹிஜ்ரத்தே முஸ்லிம் ஆண்டுக் கணக்கின் தொடக்கம். அங்கே அவர் போதகர் மட்டுமல்லர். ஓர் ஊரின் தலைவர். அங்கேதான் வாள் வந்தது. 624-இல் பத்ரு, 625-இல் உஹது, 627-இல் அகழிப் போர் என மக்காவாரோடு சண்டை நடந்தது. அகழிப் போருக்குப் பின் பனூ குறைளா என்ற யூதக் குலத்தார், எதிரியோடு சேர்ந்தனர் என்ற குற்றச்சாட்டின்மேல், ஆடவர் பல நூற்றுவர் கொல்லப்பட்டனர்; பெண்டு பிள்ளைகள் அடிமைகளாயினர். முஸ்லிம் சரித்திர ஆசிரியர்களே எழுதி வைத்திருக்கும் இச்செய்தியைப் பூமாலைக் கட்சியார் தாண்டிக் குதித்து விடுகின்றனர். 630-இல் மக்கா பெரும்பாலும் இரத்தமின்றிப் பணிந்ததையும், பழைய பகைவர்க்கு மன்னிப்பு வழங்கப்பட்டதையும், பாறை சுமந்த அதே பிலால் கஃபாவின் மேலேறித் தொழுகைக்கு அழைத்ததையும் மட்டும் சொல்வர். இரண்டையும் சொல்வதே நேர்மை. 632-இல் நபிகள் மறைந்தபின் விலகிப்போன அரபுக் குலங்களை அபூபக்கர் போரிட்டே அடக்கினார். அரபு நாட்டின் எல்லைக்குள் அரசியலும் மார்க்கமும் வாளும் பின்னிக் கிடந்தன என்பதை மறுப்பவன் சரித்திரம் படியாதவன்.

ஆனால் பிரசங்கி சொல்வது அரபு நாட்டைப் பற்றி அன்று, உலகத்தைப் பற்றி. அவ்வுலகம் உமர் கலீபாவின் காலத்தில் (634–644) திறந்தது. 636-இல் யர்மூக்கில் ரோமச் சேனை உடைந்தது. அதை ஒட்டிக் காதிசிய்யாவில் பாரசீகச் சேனை உடைந்தது. 642-க்குள் எகிப்து கைவசமாயிற்று. 651-இல் பாரசீகத்தின் கடைசி சாசானிய மன்னன் ஓடி ஒளிந்த இடத்தில் மாண்டான். இவை வாள் செய்த வேலை. ஐயமில்லை. 602 முதல் 628 வரை ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு இளைத்த இரு பேரரசுகள் புதிதாய் எழுந்த ஒரு சேனையின்முன் நிற்க முடியவில்லை. போதாக்குறைக்கு, எகிப்தின் கோப்துக் கிறிஸ்தவரைச் சக கிறிஸ்தவனான ரோம அதிகாரியே சித்திரவதை செய்து வந்தான். அவர்களுடைய தலைமைக் குரு பெஞ்சமின் ஆண்டுக்கணக்கில் பாலைவன மடங்களில் ஒளிந்திருந்தார். அம்ரு என்னும் அரபுத் தளபதி அபயம் கொடுத்த பின்னரே தம் பீடத்துக்கு மீண்டார். வாளால் மதம் மாற்ற வந்தவன் எதிர்மதத்துக் குருவைத் தேடி அழைத்துப் பீடத்தில் அமர்த்துவானா?

சரி, சேனை வந்தது, நாடு விழுந்தது. மறுநாள் என்ன நடந்தது? பிரசங்கியைக் கேட்டால் ஊர் ஊராகக் கழுத்தில் கத்தி வைத்தனர் என்பார். எகிப்து மண்ணில் புதைந்திருந்து வெளிவந்த பாப்பிரஸ் ஓலைகளைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லுகின்றன. அவற்றுள் ஒன்று 643-ஆம் ஆண்டினது. வியன்னா நகரத்து நூல்நிலையத்தில் இருப்பது. தேதியிட்ட அரபு ஓலைகளுள் மிகப் பழையனவற்றுள் ஒன்று. அதில் இருப்பது என்ன? போர் முழக்கமா? வேதவாக்கா? ஆட்டுக்கு ரசீது! அரபுப் படைத்தலைவன் ஒருவன் ஓர் எகிப்திய ஊரிலிருந்து 65 ஆடுகளைப் பெற்றுக்கொண்டு, அதை வரியில் கழித்துக்கொள்ளும்படி, கிரேக்கத்திலும் அரபிலும் எழுதிக் கொடுத்த சீட்டு. படையெடுத்து வந்தவன் ஆட்டுக்கு ரசீது எழுதிக் கொடுத்தான், அதுவும் தோற்றவனின் மொழியிலும் சேர்த்து, என்பதைப் படித்தபோது, பேரேடு எழுதிப் பிழைக்கும் எமக்குச் சரித்திரம் சற்றே புரியத் தொடங்கிற்று. ஆளப் பிறந்தவனுக்கு வேண்டியது குடிகளின் ஆன்மாவன்று; குடிகளின் நிலுவை.

எகிப்தின் அப்ரோதித்தோ என்ற சிற்றூரில் 1901-இல் கண்டெடுக்கப்பட்ட கடிதக் கட்டுகள் இன்னும் சுவையானவை. 709 முதல் 714 வரை எகிப்தை ஆண்ட குர்ரா இப்னு ஷரீக் என்னும் அரபு ஆளுநர், அவ்வூர் அதிகாரியான பசிலியஸ் என்னும் கிறிஸ்தவனுக்கு எழுதியவை அவை. படையெடுப்பு நடந்து எழுபது ஆண்டு ஆகியும் ஊரதிகாரி கிறிஸ்தவன்! கடிதங்களின் பொருளோ வரிப்பணம் ஏன் வரவில்லை, கப்பல்களுக்கு ஆள் எங்கே, கட்டட வேலைக்கு ஆள் எங்கே, ஊரைவிட்டு ஓடிப்போன குடிகளைப் பிடித்து அனுப்பு என்பன. ஓடிப்போன ஆளைப் பற்றிய கடிதம் எந்தத் தொனியில் எழுதப்படும் என்று தோட்டத்து ஆபீசில் இருக்கும் கிராணி எவனுக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தமஸ்கு நகரத்திலும் இதே கதைதான். உமையா கலீபாக்களின் வருமானக் கணக்கை நெடுங்காலம் கவனித்தது மன்சூர் என்பாரின் கிறிஸ்தவக் குடும்பம். அக்குடும்பத்தில் வந்த தமஸ்கு யோவான் இஸ்லாத்தைக் கண்டித்தே எழுதியவர். கிறிஸ்தவ உலகம் அவரைப் புனிதராகக் கொண்டாடுகிறது. கணக்குகள் கிரேக்கத்திலிருந்து அரபுக்கு மாறியதே அப்துல் மலிக் (685–705) காலத்தில்தான். ஆக, வாளேந்திய கை அரபியினுடையது. பேனா பிடித்த கை அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கிறிஸ்தவனுடையது.

அரபுப் படையினர் எங்கே குடியிருந்தனர்? பஸ்ரா, கூஃபா, ஃபுஸ்தாத் எனப் புதிதாய்க் கட்டிய பாளையங்களில், உள்நாட்டாரோடு கலவாமல். அவர்களுடைய பெயரையும் சம்பளத்தையும் பதிய உமர் ஏற்படுத்திய ஏட்டுக்குத் தீவான் என்று பெயர். நம் சமஸ்தானங்களின் திவான் என்பதும் அதே சொல்லே. போர்ப் படைக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? முஸ்லிம் அல்லாதார் கட்டிய ஜிஸ்யா என்ற தலைவரியும், நிலவரியுமே முதல். பிற்காலச் சட்டப்படி ஏழைக்கு 12 திர்ஹம், நடுத்தரத்தானுக்கு 24, செல்வனுக்கு 48. பெண்களுக்கும் சிறுவருக்கும் தலைவரி இல்லை. இங்கேதான் பிரசங்கியின் வாதம் தலைகுப்புற விழுகிறது. குடியானவன் முஸ்லிமாகிவிட்டால் தலைவரி போயிற்று. ஊரெல்லாம் முஸ்லிமானால் கஜானா காலி. எந்த அரசன் தன் கஜானாவைத் தானே வாளால் குத்துவான்?

குத்தவில்லை. அதுமட்டுமா? மாறி வந்தவனையே தடுத்தான்! ஈராக்கை 694 முதல் 714 வரை ஆண்ட ஹஜ்ஜாஜ், இஸ்லாத்தில் சேர்ந்து பட்டணத்துக்கு வந்த குடியானவரைத் திரும்பக் கிராமத்துக்கே துரத்தி வரி கட்டச் செய்தான் என்று அரபு ஆசிரியர்கள் எழுதுகின்றனர். தொழுகை உண்டு, நோன்பு உண்டு, வரியும் உண்டு! அரபியல்லாத முஸ்லிமுக்கு மவாலி என்று பெயர். அவன் ஓர் அரபுக் குலத்தின் நிழலில் ஒண்டிக்கொண்டுதான் சமூகத்தில் இடம்பெற வேண்டும். போரில் கூட நின்றாலும் சம்பள ஏட்டில் அரபிக்குச் சமமாகப் பெயர் ஏறாது. மனிதரைக் குலங்களாகப் படைத்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே, உயர்ந்தவன் இறையச்சம் உடையவனே என்ற கருத்தைக் குர்ஆனில் ஓதிக்கொண்டே இதைச் செய்தனர். கலிமா சொன்ன கணத்தில் சமத்துவம் மலர்ந்தது என்போர் இப்பக்கத்தைப் புரட்டட்டும். வேதம் தந்த உரிமையை அதிகாரி பறித்தான். இல்லாத உரிமையைக் கேட்டு எவனும் அழவில்லை, எழுதிவைத்த உரிமையைக் கேட்டே அழுதான்.

உமையா வம்சத்துள் இதைக் கண்டு வெட்கப்பட்டவர் இரண்டாம் உமர் (717–720). முஸ்லிமானவனிடம் ஜிஸ்யா வாங்காதே என்று ஆணையிட்டார். வருமானம் குறைகிறதே என்று முறையிட்ட அதிகாரிகளுக்கு, நபிகள் அனுப்பப்பட்டது அழைக்கவே, வரி தண்டவன்று என்னும் பொருளில் விடை கொடுத்தார் என்பர். மூன்று ஆண்டு தாண்டவில்லை, அவர் மறைந்தார், அதிகாரிகள் பழைய பேரேட்டை எடுத்துத் தூசி தட்டினர்.

728-இல் நடந்ததைக் கேளுங்கள். சமர்க்கந்தைச் சேர்ந்த சோக்தியா நாட்டில், முஸ்லிமானால் வரி இல்லை என்று குராசான் ஆளுநர் அஷ்ரஸ் அறிவித்துப் போதகரை அனுப்பினார். ஜனங்கள் திரள் திரளாகச் சேர்ந்தனர், பள்ளிவாசல்கள் எழுந்தன. உடனே கஜானாவிலிருந்து புலம்பல் எழுந்தது. அஷ்ரஸ் வாக்கைப் புரட்டினார்; சேர்ந்தவர்மேலும் வரி விழுந்தது; எதிர்த்துப் பேசிய முஸ்லிம் போதகர் சிறைப்பட்டார்; நாடு கலகத்தில் எரிந்தது. வாளைத் தேடி அலையும் பிரசங்கியாரே, இதோ வாள்! இங்கே அது உறையிலிருந்து வந்தது முஸ்லிமாகு என்று மிரட்டவன்று; முஸ்லிமாகிவிட்டேன், நீதி கொடு என்றவனை அடக்கவே வந்தது. இருபது ஆண்டு செல்லவில்லை. 747-இல் அதே குராசானில் அபூ முஸ்லிம் கறுப்புக் கொடி உயர்த்தினான். மனக்கசப்புற்ற அரபிகளும் மவாலிகளும் ஒருங்கே திரண்டனர். 750-இல் உமையா அரசு மண்ணோடு மண்ணாயிற்று.

அப்படியானால் ஜனங்கள் மாறியது எப்போது? மெல்ல மெல்ல. ரிச்சர்டு புல்லியெட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், பாரசீக நகரத்து அறிஞர்களின் வம்ச வரிசைகளைத் திரட்டி, எந்தத் தலைமுறையில் பாரசீகப் பெயர் போய் முஸ்லிம் பெயர் வந்தது என்று கணக்கிட்டு 1979-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் மதிப்பின்படி பாரசீகத்தில் மாறியவர் தொகை பாதியை எட்டியது 9-ஆம் நூற்றாண்டில். அதாவது படையெடுத்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்குப் பின். எகிப்தில் இன்னும் தாமதம். 832-இல் கலீபா மாமூன் நேரில் வந்து அடக்கிய எகிப்தியக் கலகத்தில் கோப்துகளும் அரபிகளும் வரிக் கொடுமையை எதிர்த்துச் சேர்ந்தே எழுந்திருந்தனர். கழுத்தில் வைத்த கத்தி வேலை செய்ய இருநூறு ஆண்டு ஆகுமானால், அது மிகவும் மழுங்கிய கத்தியாகவே இருக்க வேண்டும்!

இதனால் முஸ்லிமல்லாதார் இன்பமாக வாழ்ந்தனர் என்று யாம் சொல்ல வரவில்லை. அவர்கள் இரண்டாந்தரக் குடிகள். வரி அவர்களுக்குச் சுமை; அதைக் கட்டுகையில் சிறுமையும் உண்டு. உடை, வாகனம், புதிய கோவில் கட்டுதல் ஆகியவற்றில் காலத்துக்கும் அரசனுக்கும் ஏற்பத் தடைகள் வந்து போயின. 712-இல் சிந்து நாட்டில் முகம்மது பின் காசிம் தேபால் நகரைப் பிடித்தபோது மூன்று நாள் கொலை நடந்தது என்று பிலாதுரி என்னும் அரபு ஆசிரியரே எழுதினார். அதே தளபதி அரோர் நகரத்தார் பணிந்தபின் அவர்களுடைய கோவிலைக் கிறிஸ்தவக் கோவிலுக்குச் சமமாக மதித்து விட்டுவைத்தான் என்பதையும் அவரே எழுதினார். உத்தியோகம், வியாபாரம், வழக்குமன்றத்தில் மதிப்பு, வரி விடுதலை ஆகிய ஆசைகள் பலரை இழுத்திருக்கும். ஒரே இறைவன், இடையில் பூசாரி இல்லை, தொழுகை வரிசையில் முன்பின் இல்லை என்ற தெளிவு வேறு பலரை இழுத்திருக்கும். பின்னாளில் சூபிகளும் வணிகரும் இழுத்தனர். ஆசையால் வந்தவனின் பேரன் நம்பிக்கையால் நின்றான். மதமாற்றம் எல்லா நாட்டிலும் இப்படிக் கலப்படமாகவே நடந்திருக்கிறது. கலப்படத்தைக் கலப்படமென்று சொல்ல மேடைக்குத் துணிவில்லை. மேடைக்கு வேண்டியது கைதட்டு.

கைதட்டு வாங்கிக்கொண்டு பிரசங்கி தம் வீட்டுக்குப் போய்விடுவார். அடுத்த நாள் பக்கத்துக் கடைக்காரரை, பக்கத்து லயத்துக்காரரை, உன் பாட்டன் உயிருக்கு அஞ்சி மாறியவன் என்ற பார்வையோடு பார்ப்பவன் கேட்டுக்கொண்டிருந்தவன் அல்லவா? வாள் வாதத்தின் உண்மையான வேலை இதுவே. அது கலீபாவைத் தொடுவதில்லை. அவர் மாண்டு ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேலாயிற்று. பக்கத்து வீட்டானைக் கோழையின் பேரன் என்று பெயரிடுவதற்கே அது இன்றும் சாணை பிடிக்கப்படுகிறது.

நாம் நிற்கும் இம்மண்ணுக்கே வருவோம். 1292-ஐ ஒட்டி இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, சுமத்திராவின் பெர்லாக் நகரத்தார் அங்கு வந்துபோகும் வணிகரால் முஸ்லிம்களாயினர் என்று குறித்தார். சமுத்திரா-பாசாய் மன்னன் மலிக்குஸ் ஸாலிஹின் கல்லறைக் கல் 1297-ஐச் சேர்ந்தது. பின்னர் மலாக்காவின் மன்னர்களும் இம்மார்க்கத்தில் சேர்ந்தனர். இக்கரைக்கு அரபு நாட்டிலிருந்து ஒரு படைக்கப்பலும் வந்ததில்லை. வந்தவை துணி மூட்டையும் மிளகுத் தராசும் ஏற்றிய கப்பல்கள். குஜராத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்தவை. அவற்றில் நம் மரைக்காயர்களின் கப்பல்களும் உண்டு. அடுத்த முறை மேடையேறும் பிரசங்கியார், சுல்தானின் கழுத்தில் வாளை வைத்த மரைக்காயரின் பெயரையும் அந்த ஆண்டையும் சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.